பழைய மரச் சாமானுக்கு எந்தப் பூச்சு: எனாமலா, தண்ணீர்ச் சாயமா, வார்னிஷா, கழுவித் துடைத்தாலே போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு மாறிய குடும்பங்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பழைய அலமாரியோ, கம்பிவலை வைத்த சாப்பாட்டு அலமாரியோ லோரியில் கூடவே வந்திருக்கும். புது வீட்டின் வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் அதை நிறுத்தியதும்தான் அதன் கோலம் கண்ணில் படுகிறது. சாயம் செதில் செதிலாக உரிந்திருக்கும், கால் கறுத்திருக்கும், கதவு சரியாக மூடாது. "அண்ணே, மேலேயே ஒரு கை சாயம் அடிச்சிடலாமா, இல்ல எல்லாத்தையும் உரிச்சிட்டு வார்னிஷ் அடிக்கணுமா?" என்று கேட்பவர்கள் நிறைய. ஹார்டுவேர் கடையில் கேட்டால் கையில் இருக்கும் டின்னைக் காட்டுவார்கள். தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

வழிகள் நான்கு: எண்ணெய் வகை எனாமல் அடிப்பது, தண்ணீர் கலக்கும் சாயம் அடிப்பது, பழையதை உரித்து மரம் தெரியும்படி வார்னிஷ் என்ற தெளிபூச்சு கொடுப்பது, கழுவி எண்ணெய் துடைத்து அப்படியே வைத்துக்கொள்வது. எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான். பாத்திரம் கழுவும் சோப்பையும் வெதுவெதுப்பான நீரையும் கொண்டு நன்றாகத் துடைத்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டுப் பாருங்கள். பல அலமாரிகளில் அழுக்கும் அடுப்புப் புகையும்தான் அசிங்கம். அதைப் பார்க்காமல் டின் வாங்கப் போகாதீர்கள்.

## முடிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

என்ன மரம்? இதுதான் பாதி முடிவு. நம் பால்மரக் (ரப்பர் மரக்) கட்டை சாமான் செய்யப் பெரிய அளவில் பயன்பட ஆரம்பித்தது 1980களில்தான். அதற்கு முன்பு வெட்டிய பால்மரம் பெரும்பாலும் விறகாகத்தான் போனது. ஆகவே 1960களில் வாங்கிய அலமாரி என்றால் அது மெரந்தி, நியாத்தோ, செங்கால், தேக்கு என்று வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். செங்கால் என்றால் தூக்கும்போதே தெரிந்துவிடும். காய்ந்த செங்கால் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். பால்மரக் கட்டை ஏறக்குறைய 600 கிலோதான். சாமானைக் கவிழ்த்து, சாயம் படாத அடிப்பக்கத்தில் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் பட்டதும் தெரியும் நிறமும் ரேகையும்தான் வார்னிஷ் அடித்தால் கிடைக்கப்போகும் தோற்றம். மனத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் உரிக்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

மேலே இருப்பது என்ன? பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மூலையில் தேயுங்கள். மரம் தெரியும் பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். நிறச் சாயம் ஸ்பிரிட்டுக்கு இளகிப் பஞ்சில் ஒட்டினால் அது தண்ணீர் வகை. அசையவே இல்லை என்றால் எனாமல்.

பூச்சி இருக்கிறதா? சிறு துளைகளுக்குக் கீழே மாவு போன்ற தூள் கிடந்தால், அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் பாருங்கள். புதுத் தூள் விழுந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. அதன்மேல் சாயம் அடித்தால் சாயத்தையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். முதலில் மருந்து வைக்க வேண்டும்.

எங்கே நிற்கப் போகிறது? யார் கை படும்? சமையலறை ஆவி, வாசல் வெயில், குழந்தையின் வாய் எல்லாமே கணக்கில் வரும்.

திரும்ப மாற்ற முடியுமா? நான் அதிகம் எடை போடுவது இதைத்தான். எண்ணெய் துடைத்த மரத்துக்கு நாளை வார்னிஷ் அடிக்கலாம், வார்னிஷ் அடித்ததற்குப் பிறகு சாயமும் அடிக்கலாம். ஆனால் மெரந்தி மாதிரி துவாரம் பெரிதாக உள்ள மரத்தில் சாயம் ஒருமுறை இறங்கிவிட்டால், எவ்வளவு உரித்தாலும் ரேகைக்குள் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். மரம் தெரியும் சாமான்மேல் முதல் கை சாயம் அடிப்பது ஏறக்குறைய ஒருவழிப் பாதை.

மழை. நம் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் மழை அதிகம். எல்லாரும் சாயம் அடிப்பதும் அப்போதுதான், ஏனென்றால் தீபாவளி வருகிறது. ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் ஓரளவு காய்ந்த மாதங்கள். ஒரு நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். விடியற்காலை ஈரப்பதம் மிக அதிகம், வெயில் ஏறினால்தான் குறையும். காலை பத்து மணிக்குத் தொடங்கி, பிற்பகல் இடிமழைக்கு முன்னால் முடிப்பது நல்லது.

## எனாமல்: அடுக்களைக்கும் வாசலுக்கும்

லயத்து வீட்டுச் சாமான்களில் நாம் பார்த்துப் பழகிய பளபளப்பு இதுதான். நிப்போன் போடேலேக் 9000 மாதிரி டின்கள் இந்த வகை. காய்ந்தபின் கெட்டியாக நிற்கும், எண்ணெய்க் கறையைச் சோப்புப் போட்டுத் துடைக்கலாம், தூரிகைத் தடம் தானாகச் சமமாகிவிடும். பழைய சாமானில் ஏற்கெனவே எனாமல் இருந்தால் இன்னொரு வசதி. 180 அல்லது 220 எண் மணல் தாளை நனைத்துத் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டால் புதுச் சாயம் நன்றாகப் பிடிக்கும்.

ஒரு டின் போதும் என்பதும் உண்மைதான். 6 அடி உயரம், 3½ அடி அகலம், 1½ அடி ஆழம் உள்ள அலமாரியின் வெளிப்பக்கம் சுமார் 44 சதுர அடி, அதாவது 4 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சாயம் ஒரு கைக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வரும். இரண்டு கை அடித்தும் மிஞ்சும்.

மறைந்திருக்கும் செலவு டின்னுக்கு வெளியே. ஒவ்வொரு கையும் காய ஒரு முழு நாள் வேண்டும், மழை நாளில் இன்னும் கூடும். சாயங்காலம் அடித்தால் பனி இறங்கி மேற்பரப்பு மங்கிப்போகும். தூரிகை கழுவத் தின்னர் வேண்டும். வாசனை சின்ன வீட்டில் பல நாள் போகாது. வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். அலமாரியின் உட்பக்கத்தில் அடித்தால் நிறம் மாறுவதோடு துணியிலும் வாடை ஏறும். ஆகவே உள்ளே எனாமல் வேண்டாம்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அடித்த அலமாரியில் நாலைந்து அடுக்கு இருக்கும். கதவு ஓரத்தில் அந்தத் தடிமன் சேர்ந்துதான் கதவு இறுக்குகிறது. அதன்மேல் இன்னும் இரண்டு கை அடித்தால் கதவு மூடவே மூடாது. ஓரத்தையும் கீல் பதிந்த இடத்தையும் மரம் வரை சுரண்டிவிட்டு, அங்கே மெல்லியதாக ஒரு கை மட்டும் அடியுங்கள்.

## தண்ணீர்ச் சாயம்: குழந்தைகள் உள்ள வீட்டுக்கு

முதலில் ஒரு எச்சரிக்கை. வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய சாயத்தைச் சாமானுக்கு அடிக்காதீர்கள். அது மென்மையானது. மேலே வைத்த டப்பா ஒட்டிக்கொள்ளும், கதவு சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும். மரத்துக்கும் உலோகத்துக்கும் என்று டின்னில் போட்டிருக்கும் தண்ணீர் வகைச் சாயம் தனி. அதைக் கேட்டு வாங்குங்கள்.

வாசனை குறைவு. தூரிகையைக் குழாயடியிலேயே கழுவலாம். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். பெரும்பாலான டின்களில் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அடுத்த கை அடிக்கலாம் என்று இருக்கும். மழைக்கு நடுவே ஒரு நல்ல பகல் கிடைத்தால் அன்றைக்கே இரண்டு கையும் முடிந்துவிடும். நம் ஊர் வானிலைக்கு இது பெரிய வசதி.

கஷ்டம் அடிப்பூச்சில் இருக்கிறது. பழைய எனாமல்மேல் நேராக அடித்தால் நகத்தால் கீறினாலே தோலாக உரிந்து வரும். மணல் தாள் போட்டு, பிடிப்புக்கென்று உள்ள பிரைமர் ஒரு கை அடித்தே ஆக வேண்டும். தேக்கு, மெர்பாவ், சிவப்பு மெரந்தி என்றால் இன்னொரு தொல்லை உண்டு. மரத்தின் துவர்ப்புச் சாறு தண்ணீரில் கரைந்து, வெள்ளைச் சாயத்தின் வழியே பழுப்புத் திட்டாக மேலே வரும். இன்னும் இரண்டு கை சாயம் அடித்தாலும் நிற்காது. மெர்பாவ் இதில் மிக மோசம். அதற்குக் கறை தடுக்கும் பிரைமர் வேண்டும், ஷெல்லாக் வகையோ எண்ணெய் வகையோ. பிரைமரையும் சேர்த்துப் பார்த்தால் எனாமலைவிடச் செலவு கூடத்தான்.

தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் முழுக்க இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை மேலே கனமான எதையும் வைக்கக்கூடாது, தேய்த்துக் கழுவவும் கூடாது. நாற்காலியின் தலை சாயும் இடத்துக்கும் கைப்பிடிக்கும் இந்தச் சாயத்தை நான் சொல்லமாட்டேன். வியர்வையும் தேங்காய் எண்ணெயும் பட்டுப் பட்டு நாளாவட்டத்தில் பிசுபிசுப்பு வந்துவிடும்.

## உரித்து வார்னிஷ்: மரம் நல்லதாக இருந்தால் மட்டும்

நல்ல மரத்தின்மேல் மூன்று தலைமுறைச் சாயத்தை எடுத்துப் பார்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி பெரிது. செங்கால் அலமாரி ஒன்றைச் சாயத்துக்கு அடியிலிருந்து மீட்டால் அது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் உழைக்கும். ஆனால் நான்கு வழிகளில் ஆபத்தும் உழைப்பும் அதிகம் உள்ளது இதுதான்.

ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை, வெள்ளை நிறங்களில், ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுச் சாயத்தில் ஈயத்தைத் தடை செய்ததே 1978இல்தான். குழந்தையின் உடம்பில் இவ்வளவு ஈயம் சேர்ந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் சாமான் எந்த ஆண்டுச் சாயம் என்று தெரியாவிட்டால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் மெஷின் போட்டுத் தேய்க்காதீர்கள், நெருப்புக் காட்டி உரிக்காதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள். கீழே பிளாஸ்டிக் விரியுங்கள். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை செய்த உடுப்பைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் உரிக்கும் வேலையே வேண்டாம். பழைய சாயம் கெட்டியாகப் பிடித்திருந்தால் ஈரத் தாளால் இலேசாகத் தேய்த்து மேலே புதுச் சாயம் அடித்து மூடிவிடுவதே பாதுகாப்பு.

சாயம் உரிக்கும் மருந்து வாங்கினால் டின்னைப் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு கலந்தது வேகமாக வேலை செய்யும். ஆனால் மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே கொன்றுவிடும். 2019இல் அமெரிக்கா பொதுமக்களுக்கு அதை விற்பதை நிறுத்தியது. தூசிக்குப் போடும் என்95 முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது. காஸ்டிக் சோடா மலிவு என்று சிலர் தடவுவார்கள். அது துவர்ப்புள்ள மரத்தைக் கறுப்பாக்கும், பசை மூட்டுகளையும் இளக்கும்.

அடுத்தது, உள்ளே என்ன இருக்கும் என்ற கேள்வி. தோட்டத்தில் செய்த சாமான்களில் கதவு ஒரு மரம், சட்டம் இன்னொரு மரம், முதுகுப்பக்கம் பிளைவுட் என்று கிடைத்ததை வைத்துச் செய்திருப்பார்கள். ஆணி துருப்பிடித்துச் சுற்றிலும் கறுத்திருக்கும். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து வரும் கறுப்பு அது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் ஓரளவு வெளுக்கும், முழுக்கப் போகாது. கதவு, வேறு கட்டைமேல் நல்ல மரத்தின் மெல்லிய ஏட்டை ஒட்டியதாக இருந்தால் மணல் தாள் இரண்டு இழுப்பு அதிகமாகப் போனாலே அடிக்கட்டை தெரிந்துவிடும். ஆகவே முழுவதையும் உரிக்காதீர்கள். ஒரு கதவின் உட்பக்கத்தில் ஒரு சாண் இடம் உரித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் கதவுகளை மட்டும் மரமாக வைத்து, சட்டத்துக்குச் சாயம் அடிக்கலாம். உழைப்பு பாதியாகும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

மேலே அடிக்கத் தெளிபூச்சு மூன்று வகை. ஷெல்லாக் அடிக்க எளிது, கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஆனால் சூடான தேநீர்க் குவளை வைத்தால் வெள்ளை வளையம் விழும். லாக்கர் வேகமாகக் காயும், மழை நாளில் அடித்தால் பால் மாதிரி மங்கும். பாலியூரித்தேன் மூன்றிலும் கெட்டி, சாப்பாட்டு மேசைக்கு அதுதான் சரி. ஆனால் ஒரு மூலை கெட்டாலும் பலகை முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். ஷெல்லாக் என்று கேட்டால் கடையில் எதை வேண்டுமானாலும் நீட்டலாம். டின்னில் எதைக் கலக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்பிரிட் என்று இருந்தால்தான் அது உண்மையான ஷெல்லாக்.

## கழுவி எண்ணெய் துடைப்பது

செலவு மிகக் குறைவு, எப்போது வேண்டுமானாலும் வேறு வழிக்கு மாறலாம். ஏற்கெனவே மரம் தெரியும் சாமானுக்கு, அதிலும் தேக்குக்கும் செங்காலுக்கும், இதையே முதலில் சொல்வேன். பழைய பூச்சு உதிர்ந்த இடத்தை மட்டும் இலேசாகத் தேய்த்து, மரத்துக்கென்று விற்கும் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும், அது இந்த வழியின் விலை. சமையல் எண்ணெய் வேண்டாம். காயாது, சிக்கு வாடை வரும். பால்மரக் கட்டைக்கு இந்த வழி போதாது. பூஞ்சையும் பூச்சியும் அதை எளிதில் பிடிக்கும், எல்லாப் பக்கமும் மூடிய பூச்சு வேண்டும்.

லின்சீடு எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | எனாமல் | தண்ணீர்ச் சாயம் | உரித்து வார்னிஷ் | கழுவி எண்ணெய் |
|---|---|---|---|---|
| கைப்பணம் | குறைவு | நடுத்தரம், பிரைமரால் கூடும் | அதிகம் | மிகக் குறைவு |
| உழைப்பு | நடுத்தரம் | நடுத்தரம் | மிக அதிகம் | குறைவு, வருடந்தோறும் |
| மழை மாதத்தில் | கடினம் | ஓரளவு வசதி | தள்ளிப்போடவும் | செய்யலாம் |
| வாசனை | அதிகம், பல நாள் | குறைவு | மருந்தைப் பொறுத்தது | குறைவு |
| திரும்ப மாற்ற | கடினம் | கடினம் | முடியும் | மிக எளிது |
| ஏற்ற சாமான் | சமையலறை அலமாரி, வாசல் பெஞ்சு | அறை அலமாரி, பிள்ளைகள் மேசை | நல்ல மரத்துக் கதவு, மேசை | தேக்கு, செங்கால் |

## சில சாமான்களுக்கு நேரடியாக

கம்பிவலைச் சாப்பாட்டு அலமாரி. எறும்பு ஏறாமலிருக்க நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்த அலமாரி இது. வருடக்கணக்கில் நீர் ஏறிக் கால் நுனி மெத்தென்று ஆகியிருக்கும். ஆணியால் குத்திப் பாருங்கள். இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி, தச்சரிடம் புதுக் கட்டை பொருத்திய பிறகே சாயம். கால் நுனியின் வெட்டு முகத்துக்கு இரண்டு கை பிரைமர் குடிக்கக் கொடுங்கள். வெளிப்பக்கம் எனாமல். சாப்பாடு வைக்கும் தட்டுகளை மரமாகவே விட்டு, மேலே ஒரு தகடோ கண்ணாடியோ போடுங்கள்.

சாமி மேடை. விளக்கில் ஊற்றும் எண்ணெய் பல வருடம் ஊறிய பலகையில் எந்தச் சாயமும் நிற்காது. சோப்புத் துடைப்புக்குப் பிறகு ஸ்பிரிட்டால் திரும்பத் திரும்பத் துடைத்து, ஷெல்லாக் வகைப் பிரைமரால் மூட வேண்டும். அப்படியும் விளக்கு நிற்கும் பலகையில் சாயம் இளகும், கருகும். அந்த ஒரு பலகைமேல் டைல் ஒன்றோ பித்தளைத் தட்டோ வைத்துவிட்டு, மற்ற பக்கங்களுக்குத் தண்ணீர்ச் சாயம் அடிப்பது என் கருத்து.

வாசல் பெஞ்சு. எனாமல்தான். உட்கார்ந்தால் தெரியாத அடிப்பக்கத்துக்கும் அடியுங்கள். மழை ஈரம் கீழிருந்தும் மரத்துக்குள் ஏறும். தெளிவார்னிஷ் இங்கே வேண்டாம், வெயிலுக்குச் சீக்கிரம் வெடித்து உரியும்.

குழந்தைக் கட்டில். பழைய சாயத்தோடு வந்த கட்டில் என்றால், அதன் வரலாறு தெரியாதவரை கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். மேலே புதுச் சாயம் அடித்தாலும் பல் முளைக்கும் பிள்ளை கம்பியைக் கடிக்கும், அடிச்சாயமும் வாய்க்குள் போகும். ஆசையாக வைத்திருக்கும் கட்டில் என்றால் கழுவி எடுத்து வையுங்கள். பிள்ளைக்குப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.